இறங்கும் கோடு

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சின்னப் பசங்க குற்றம் ஏறலை சார், இறங்கியிருக்கு. இருபது வருஷமா இறங்கிட்டேதான் இருக்கு. நீங்க தலைகீழா நின்னாலும் கோடு மேல போகாது" என்கிறார் கோடக்கா. மறுமுனையில் ஒரு பத்திரிகைக்காரர். அவருக்கு வேண்டியது வேறு பதில்.

சிறார் குற்றங்களைக் கணக்கெடுக்கும் அலுவலகத்தில் இவருக்குக் கோடக்கா என்று பெயர். வரைபடத்தில் ஒரு கோடு லேசாக வளைந்தால் போதும், மனுஷி டீயை ஆறவிட்டுவிடுவார். திருட்டும் அடிதடியும் ஏன் குறைந்தன என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "வண்டிங்களுக்கு நல்ல பூட்டு வந்துடுச்சு. பிள்ளைங்க குடிக்கிறதும் குறைஞ்சுது. எல்லாத்துக்கும் மேல, தெருவுல எவன் இருக்கான்? அத்தனையும் வீட்டுக்குள்ள போனோட உக்காந்திருக்கு." சொல்லிவிட்டுச் சிரிப்பார். "இது என் ஊகம்தான், எழுதிடாதீங்க."

போன மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. மேல் வீட்டுப் பையனைப் போலீஸ் கூட்டிப் போனது. வாசல் தாண்டாத பிள்ளை; கட்டிடமே தங்கக் கம்பி என்று மெச்சிய பிள்ளை. கட்டிலில் உட்கார்ந்தபடியே, கூடப் படிக்கும் பெண்ணை மாதக்கணக்கில் போனில் மிரட்டியிருக்கிறான். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதுவரை அவன் எந்தக் கணக்கிலும் இல்லை.

அன்றிலிருந்து கோடக்காவின் கண் தன் வீட்டுக் கதவு ஒன்றின்மேலேயே இருக்கிறது. அவருக்கும் பதினாறு வயதில் ஒரு மகன். அறைக் கதவைச் சாத்தினால் இருக்கிற இடமே தெரியாது. இந்த வருஷமும் இறக்கம்தான் என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால், "நம்ம கண்ணுல பட்ட வரைக்கும்" என்று முணுமுணுக்கிறார்.

கணவர் கடிந்துகொண்டார். "பூனை மாதிரி இருக்கான். அவனைப் போய் சந்தேகப்படறியே!"

"மேல் வீட்டம்மாவும் இப்படித்தாங்க சொல்லிட்டிருந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு மகனின் அறைக்குள் போனார். போனில் ஓடிக்கொண்டிருந்த அவன் விரல்கள் நின்றன.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. என்ன பண்றே?"

"சும்மாதான்."

"சும்மான்னா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் கோபமோ பயமோ எதுவும் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தை அவரால் படிக்க முடியவில்லை.

"தினம் வாசல்ல வந்து நின்னுட்டுப் போறியேம்மா, எனக்குத் தெரியாதா? இந்தா, நீயே பாரு."

போனை நீட்டினான். கோடக்கா இரு கைகளாலும் அதை வாங்கினார். திரையின் வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டார்.