இருநூறு விமானங்களும் இரண்டு மீன் வலைகளும்

1. கிரைண்டர் சத்தம்

1991-ல் இருநூறு போர் விமானங்களைக் கெடுத்த பெருமை எங்கள் பேக்கிங் செக்‌ஷனுக்கு உண்டு. அதுவும் வேலையை ஒழுங்காகச் செய்து கெடுத்தோம். ஒரகடத்துக் கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் டிரெய்னிங் கொடுத்த வருடங்களில் இந்தக் கதையைக் கேட்காத பேட்ச் கிடையாது. இப்போது ரிடையர் ஆகிவிட்டேன். மறுபடி மறுபடி வாயால் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், மூன்று மோல்டிங் மிஷின், ஒரு கிரைண்டர், வரதராஜன் என்று ஒரு முதலாளி. மிஷின்களை ஏழுமலை பார்த்துக்கொள்வார். பேக்கிங்கும் டிரிம்மிங்கும் என் பொறுப்பு. எனக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், வாய் கொஞ்சம் நீளம், அதனால் சூப்பர்வைசர்.

டிரிம்மிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். உருகிய பிளாஸ்டிக் டை என்கிற அச்சுக்குள் ஓடிப் போகிற வாய்க்காலுக்கு ரன்னர் என்று பெயர். பொருள் வெளியே வரும்போது அந்த வாய்க்காலும் கெட்டியாகி, குச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். பிளேடால் அதை நறுக்க வேண்டும், பொருளின் ஓரத்தில் பிசிறு இருந்தால் சீவ வேண்டும், குச்சியைக் கிரைண்டரில் போட்டுப் பொடியாக்க வேண்டும். பக்கெட், குவளை, சோப்பு டப்பா எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். ரன்னரோடு ஒரு பொருள் பேக்கிங்குக்கு வந்தால் அன்றைக்கு என்னிடம் வசவு நிச்சயம்.

அந்த வருடம் பக்கெட் ஆர்டர் கைவிட்டுப் போனது. முதலாளி ஸ்கூட்டர் சாவியால் காதைக் குடைந்துகொண்டே வந்து நின்றார். அவர் காதைக் குடைந்தால் கெட்ட சேதி.

"பாரு பிலோமினா, பக்கெட்டு பூட்ச்சு. பம்பாய் பார்ட்டி ஒருத்தர் பிளேன் கிட்டு போடச் சொல்லிக்கிறாரு. பசங்க வாங்கி ஒட்டி வெளையாடுறது. டை அவுரு குடுப்பாரு, மெட்டீரியலும் அவுரே குடுப்பாரு. மொதல்ல இருநூறு செட்டு டிரையல். அது அவுருக்குப் புடிச்சா நம்ம பொழச்சோம். இல்லன்னா வர்ற மாசம் பேக்கிங்க மூடிட்டு, நானும் ஏழுமலையும் மட்டும் மிஷின ஓட்டிக்கினு கெடக்க வேண்டியதுதான்."

பேக்கிங்கை மூடுவது என்றால் எங்கள் அத்தனை பேர் வேலையும் போகிறது என்று அர்த்தம். என் கீழே வேலை பார்த்த கஸ்தூரிக்கா வீட்டில் ஏரி வற்றினால் அவள் சம்பளம்தான் அடுப்பு. அவள் புருஷன் மாரி செம்பரம்பாக்கம் ஏரியில் மீன் பிடிக்கிறவர். மல்லிகா தங்கச்சியை நர்ஸ் படிப்பில் சேர்த்திருந்தாள். எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வேலை இருக்கிறது என்ற ஒரே காரணத்தைச் சொல்லித்தான் நான் ஒவ்வொருவனாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

பம்பாய்க்காரர் டையோடு ஒரு ஸாம்பிள் பெட்டியும் அனுப்பினார். அதை முதலாளி எங்கள் கண்ணில் காட்டவில்லை. நேராக வீட்டுக்கு எடுத்துப்போய், தானே ஒட்டி, விமானமாக்கிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துக்கொண்டார். விமானத்தின் பெயர் நாட். இந்திய விமானப்படை அறுபத்தைந்தாம் வருடச் சண்டையில் ஓட்டிய குட்டி ஜெட். முதலாளி ஒட்டிய நாட், வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இன்னா சார், குந்திக்கினு கீது?" என்றார் ஏழுமலை.

"யோவ், அது பொறப்படுற போஸு," என்றார் முதலாளி.

மிஷினிலிருந்து சில்வர் கலரில் இறக்கையும் வாலும் சக்கரமுமாக, பெரிய சட்டம் போன்ற ரன்னரில் வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தன. பார்க்கவே அழகு. பெண்கள் பிளேடை எடுத்தார்கள். அன்றைய டிரிம்மிங்கைப் போல ஒரு டிரிம்மிங்கை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. தீக்குச்சித் தலை அளவு சக்கரத்தைக்கூடப் பிசிறில்லாமல் சீவினார்கள். பாகம் பாகமாகப் பிரித்துக் கூடைகளில் கொட்டினார்கள். முதலாளி வந்து ஒரு இறக்கையைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, "பட்டு மாதிரி கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பம்பாயிலிருந்து லாரி வந்தது. அட்டைப் பெட்டி, பசை டியூப், ஸ்டிக்கர், ஒட்டும் முறையை விளக்கும் படத்தாள் எல்லாம் வந்தன. பெட்டியைப் பார்த்ததும் எனக்கு இடித்தது. கைப்பிடி அளவு பாகத்துக்கு எதற்கு இத்தனை அகலப் பெட்டி? படத்தாளைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே ரன்னர் படம். பாகங்கள் எல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில், ரன்னர்மேல், ஒரு நம்பர். ஏழாம் நம்பரை ரன்னரிலிருந்து வெட்டி எட்டாம் நம்பரோடு ஒட்டு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதாவது ரன்னரோடு விற்பதுதான் கிட். வெட்டுகிற வேலை வாங்குகிறவனுடையது.

அந்த நேரம் பார்த்துக் கிரைண்டர் கடகடவென்று அலறிக்கொண்டிருந்தது. ஓடினேன். மல்லிகா கடைசி ரன்னரைப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே திரும்பினாள்.

"இன்னாக்கா இப்படி ஓடியார? எல்லாம் கிளீனா முட்ச்சிட்டேன்."

2. "ஒட்டிக் குடுத்துடுவோம்"

முதலாளி படத்தாளைப் பார்த்தார். கூடைகளைப் பார்த்தார். பிறகு இரண்டு காதையும் மாற்றி மாற்றிக் குடைந்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"ஸாம்பிள்லயும் ரன்னரு ஒட்டிக்கினுதான் இருந்துச்சு, அவசரத்துல டிரிம் பண்ணாம அனுப்சிட்டாங்கன்னு நெனச்சேன். திங்கக்கெழம அவுரு வர்றாரு. மெட்டீரியல் சுத்தமா காலி, அரைச்ச பொடிய மட்டும் வச்சி ஓட்டுனா பீஸு ஒடஞ்சிடும். பெட்டியத் தொறந்தா உள்ள பொரி உருண்டைக்குப் பொரி போட்ட மாதிரி கெடக்கும். நம்பர் இல்லாம எந்தப் பையன் ஒட்டுவான்? எல்லாத்தையும் அரைச்சிடு. அவுரு பிளாஸ்டிக்க அவுருகிட்டயே பொடியா குடுத்துட்டு, கைய எடுத்துக் கும்பிட்டுடலாம்."

கூடையைத் தூக்க மல்லிகா அழுதுகொண்டே குனிந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியாத கோபம். அப்படிப்பட்ட கோபத்தில்தான் என் வாயிலிருந்து நல்ல யோசனை வரும்.

"சார், பையன் ஒட்ட முடியாதுன்னா நாமளே ஒட்டிக் குடுத்துடுவோம்."

"இருநூறு பிளேனையா? திங்கக்கெழமைக்குள்ளயா?"

"பொடியா குடுத்தாலும் திட்டுதான், பிளேனா குடுத்தாலும் திட்டுதான். பிளேனா குடுத்துத் திட்டு வாங்குவோம் சார். பாக்க லட்சணமாவாவது இருக்கும்."

முதலாளி தலையாட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம் என நான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் பேக்கிங் டேபிள் விமானக் கொட்டடியானது. உடம்பு இரண்டு பாதியாக இருக்கும். அதைப் பசை தடவிச் சேர்த்தால் காய்கிறவரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு கைக்கு ஒரு விமானம் என்றால் எப்போது முடிப்பது? கஸ்தூரிக்கா பூக்கட்டுகிற வாழைநாரைக் கொண்டுவந்து நனைத்து, விமானத்தைச் சுற்றி ஒரு சுருக்குப் போட்டு, தூக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். எல்லோரும் நாருக்கு மாறினோம். இறக்கையைப் பிடிக்கத் துணி கிளிப். வாலைப் பிடிக்க எங்கள் தலையில் இருந்த ஸ்லைடுகள். மதியத்துக்குள் எங்கள் எல்லோர் தலையும் கலைந்து, விமானங்கள் எல்லாம் சிங்காரமாக உட்கார்ந்திருந்தன. ஏழுமலை வந்து பார்த்து, "பிளேனுக்கு வளைகாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஸ்டிக்கரைத் தட்டுத் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்ட வேண்டும். காவி, வெள்ளை, பச்சை வட்டம். மல்லிகா கையில் அது ஒருமுறைகூடக் கோணவில்லை. முந்தின நாள் அழுதவள் இப்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

3. குந்துகிற விமானம்

சாயந்திரம் முதல் விமானத்துக்குச் சக்கரம் காய்ந்தது. மேஜையில் நிறுத்தினேன். கையை எடுத்ததும் மெதுவாகப் பின்னால் சாய்ந்து வாலில் உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. முதலாளி சொன்ன "பொறப்படுற போஸ்" எனக்கு அப்போதுதான் புரிந்தது.

படத்தாளை மறுபடி விரித்தேன். விமானத்தின் மூக்குக்குள் ஒரு கறுப்பு உருண்டை வரைந்திருந்தது. காலையிலேயே அதைப் பார்த்திருந்தோம். எங்கள் கூடையில் கறுப்பு உருண்டை எதுவும் இல்லாததால், "இங்க் கொட்டிப்பூட்ச்சு போல" என்று ஒருமனதாக முடிவு செய்து விட்டிருந்தோம். மூக்குக்குள் கனமாக எதையாவது வை என்பதுதான் அந்தப் படத்துக்கு அர்த்தம்.

ஆணி வைத்துப் பார்த்தோம், கனம் போதவில்லை. நட்டு வைத்தால் மூக்கு மூடவில்லை. இருநூறு மூக்குக்கு ஒரே அளவில், சின்னதாக, கனமாக எங்கே போவது? கஸ்தூரிக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடித்த கையோடு நான் கம்பெனிக்கு வந்தேன். எனக்கு முன்னால் கஸ்தூரிக்கா உட்கார்ந்திருந்தாள். மேஜையில் ஒரு சொம்பு நிறைய ஈயக் குண்டுகள். விரல் நுனி அளவு. ஒன்றை மூக்கில் வைத்து மூடி நிறுத்தினோம். விமானம் ஒருமுறை தலையாட்டியது, பிறகு மூன்று சக்கரத்திலும் சமமாக நின்றது. நாங்கள் போட்ட கூச்சலில் ஏழுமலை மிஷின் வெடித்துவிட்டது என்று ஓடிவந்தார். ஏற்கெனவே ஒட்டியவற்றின் மூக்கைப் பிளேடால் பிளந்து குண்டு வைத்தோம்.

பாதி முடிவதற்குள் கேட்டில் பெரிய சத்தம். மாரி நின்றுகொண்டிருந்தார், இடுப்புவரை ஈரம்.

"எம்மே கஸ்தூரி! வலைல இருந்த குண்டெல்லாம் எங்கம்மே? வீசினா வலை முழுவாம தண்ணி மேல பாயாட்டம் மெதக்குது! மீனெல்லாம் பாத்து சிரிக்குதும்மே!"

"பிளேன் மூக்குல கீது. வந்து பாத்துக்கோ, போ," என்றாள் கஸ்தூரிக்கா, தலையைத் தூக்காமல்.

அவர் உள்ளே வந்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் மேஜையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒன்றை விரலால் பின்னால் சாய்த்தார். அது தானாக முன்னால் விழுந்து நின்றது. இன்னொரு முறை சாய்த்தார். அப்புறம் இன்னொரு முறை.

"ஷோக்கா கீதே," என்றார். பிறகு சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். "இது பத்தாதே. இரு, எந்தம்பி வலை ஒண்ணு கீது. அவன் ஊர்ல இல்ல."

அன்றைக்கு மாரிதான் கடைசிச் சக்கரத்தையும் ஒட்டினார். தம்பியின் வலைக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

4. மாட்டுங்காக்காரர்

பம்பாய்க்காரர் என்றதும் நான் ஒரு ஹிந்திக்கார சேட்ஜியை எதிர்பார்த்தேன். வந்தவர் பம்பாயின் மாட்டுங்காப் பேட்டையில் பிறந்து வளர்ந்த தமிழர், பெயர் ராமசேஷன். முதலாளி வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே அவரை அழைத்துவந்தார். கதவைத் திறந்தோம். டேபிள் முழுக்க, வரிசை வரிசையாக, இருநூறு நாட் விமானங்கள் ஒரே திசையைப் பார்த்து நின்றன.

அவர் ஒன்றை எடுத்து, பாதிகள் சேர்ந்த கோட்டை நகத்தால் தடவினார். கீழே வைத்தார். நின்றது. வாலை அழுத்தி விட்டார். தலையாட்டி நின்றது.

"மூக்குல வெயிட் போட்டிருக்கேளா? எங்க ஆபீஸ் ஸாம்பிளே வாலை ஊனிண்டுதான் நிக்கறது! என்ன போட்டேள்?"

"வலை குண்டுங்க," என்றாள் கஸ்தூரிக்கா.

"சார், ரன்னரு..." என்று முதலாளி இழுத்தார். நடந்ததை நானே சொல்லிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கிரைண்டர் வந்த இடத்தில் அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மாரி வந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைத் தேடினார்.

"கிட்டுன்னா கிட்டாத்தான் வரணும்மா, ரன்னரை இனிமே யாரும் தொடப்படாது. மெட்டீரியல் திரும்ப அனுப்பறேன். ஆனா இதைப் பொடி பண்றதாவது! கடைக்காரன் பெட்டியை மூடி வெச்சிண்டிருந்தா எந்தக் குழந்தை கேக்கும்? ஷோகேஸுக்கு ஒவ்வொரு கடையிலும் ஒண்ணு நிறுத்தணும்னு ஆள் தேடித் தேடி அலுத்துப் போயிட்டேன். ஒட்டறவாள்லாம் பசையை வழிய விட்டுடறா. இந்த இருநூறையும் நான் எடுத்துக்கறேன். அடுத்து ரெண்டு மாடல் டை வர்றது, அதுக்கும் ஷோகேஸ் பீஸ் நீங்கதான் ஒட்டணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். கை காதுக்குப் போகவில்லை. மல்லிகா எல்லோர் முன்னாலும் கஸ்தூரிக்காவைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷ அழுகைதான். பேக்கிங் செக்‌ஷன் மூடப்படவில்லை. மாரிக்கும் தம்பிக்கும் கம்பெனி செலவில் புது ஈயம், கூடவே அடுத்த செட்டிலிருந்து ஆளுக்கு ஒரு விமானம்.

5. புறப்படுகிற போஸ்

பிறகு நான் பெரிய கம்பெனிகளுக்குப் போனேன். கார் பம்பர், டேஷ்போர்டு, என்னென்னவோ. புதிய பேட்ச் வந்தால் முதல் நாள் ஒரு பாகத்தைக் கையில் கொடுத்து, "இத்த வாங்கினவன் இத வச்சி இன்னா பண்ணுவான்?" என்று கேட்பேன். விழிப்பார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பிளேடைத் தொட விடுவேன். ஒரு பொருள் எதற்கு என்று தெரியாமல் அதை எவ்வளவு சுத்தமாகச் சரிசெய்தாலும் அது கெடுப்பதுதான். எங்கள் செக்‌ஷன் கற்ற பாடம் அது.

முதலாளி தொழிலை விட்டபோது மேஜைமேல் இருந்த அவருடைய நாட் விமானத்தை எனக்குக் கொடுத்தார். இப்போது எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் இருக்கிறது. இன்னும் வாலில்தான் குந்தியிருக்கிறது. மூக்கைப் பிளந்து ஒரு குண்டு வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், சரி பண்ணுங்களேன் என்று.

பண்ண மாட்டேன். இது எதற்கு என்று எனக்குத் தெரியும். இது புறப்படுகிற போஸ்.