கதிரையில் நான்கு விரல்கள்

ஆவணி மாதம் பதினொன்றாம் நாள், வியாழக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். சோளகம் பலமாக வீசியதால் விறாந்தையின் மூன்று யன்னல்களில் இரண்டைச் சாத்தியிருந்தோம். எனக்குப் பத்து வயதும் நாற்பது நாளும். அந்த நேரத்தில்தான் எங்கள் குடும்பப் படத்தை நான் வெட்டினேன்.

இப்போது அதை எழுதக் காரணம் கணினி. சின்னம்மாவுக்குத் தொண்ணூறு வயது நிறைகிறது. அவரிடம் படித்தவர்கள் ஒரு மலர் வெளியிடுகிறார்கள். அட்டையைச் செய்வது நான். எழுபத்தெட்டு வயதில் இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வரைகலை மென்பொருளை மூன்று நாளில், மொத்தம் பதினொரு மணி நேரத்தில் படித்துவிட்டேன். சுவரில் தொங்கும் பழைய குடும்பப் படம்தான் அட்டைக்கு. படம் அகலம், அட்டை ஒடுக்கம். உயரத்துக்குச் சரியாகப் பெருப்பித்தால் இரண்டு பக்கமும் தாளுக்கு வெளியே தொங்கும். ஆகவே பக்கத்தின் அளவில் ஒரு செவ்வகம் வரைந்து, படத்தின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தெரிவுசெய்து ‘கிளிப்’ என்ற கட்டளையைக் கொடுக்கவேண்டும். செவ்வகத்துக்கு வெளியே நிற்பதெல்லாம் மறைந்துவிடும். வெட்டும் கத்தி விலகினாலும் வெள்ளை தெரியாதிருக்கச் சுற்றவர மூன்று மில்லிமீற்றர் கூட விடச் சொன்னார் அச்சகத்துக்காரர். நான் ஐந்து விட்டேன். அச்சகத்துக் கத்திகளை எனக்குத் தெரியும்.

கட்டளையைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால், மலருக்குரிய சின்னம்மாவே பக்கத்துக்கு வெளியே போய்விட்டார். பதற ஒன்றுமில்லை. கிளிப் மறைக்குமே தவிர அழிக்காது. செவ்வகத்தை அசைக்காமல், உள்ளே இருக்கும் படத்தை மட்டும் வலப்பக்கம் நகர்த்தினேன். அவர் உள்ளே வந்து நின்றார்.

கத்தரிக்கோலில் அந்த வசதி இல்லை.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. பண்டத்தரிப்பில் எங்களோடுதான் இருந்தார். ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்திருப்பதாக அவருக்குக் கடிதம் வந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. என் தகப்பனாரான ஐயா அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரையும் பட்டணத்து ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பித்தார். ஆறு பேர், இரண்டு கதிரை, மாமா புதிதாக வாங்கிய ஒரு சைக்கிள்.

வியாழக்கிழமை காலை அம்மா அந்தப் படத்தையும் ஒரு கடித உறையையும் என்னிடம் தந்தார். மலாயாவில் வேலை பார்த்து லீவில் வந்திருக்கும் அளவெட்டி மலாயாக்காரர் வீட்டுக்குப் போகவேண்டும், ஒன்பது மணிக்கு ஆள் வரும், உறைக்குள் அடங்கும்படி வெள்ளைக் கரையை வெட்டிக் கொடு, படத்தை மடிக்கக்கூடாது என்றார். படம் ஏன் போகிறது என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சுக்காலைப் பிள்ளைகளுக்கு முன் கதைப்பதில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் அடிமட்டம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்; என்னிடம் தந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

படம் எட்டு அங்குலம். வெள்ளைக் கரை பக்கத்துக்குக் கால் அங்குலம். உறை ஆறரை. கரை இரண்டையும் வெட்டிய பிறகும் ஓர் அங்குலம் மிச்சம். சின்னம்மா தையல் மெசினடியில் இருந்தார். கத்தரிக்கோலும் அவருடையதுதான்.

“சின்னம்மா, இன்னும் ஒரு அங்குலம் வெட்டவேணும்.”

“உன்ரை கணக்கு என்ன சொல்லுது?”

“வலப்பக்கம் வெட்டினால் மாமாவின்ரை சைக்கிள் சில்லு போயிடும்.”

“ஐயோ, புதுச் சைக்கிளெல்லே! சில்லில்லாத சைக்கிளைப் பார்த்து மலாயாக்காரர் சிரிக்கமாட்டினமோ?”

“இடப்பக்கத்திலை நீங்கள் நிக்கிறியள்.”

“நான் இஞ்சைதானே நிக்கிறன். படத்திலையும் நிக்கவேணுமோ?”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறினேன். அது அசையாமல் சின்னம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வெட்டு நேராக விழுந்தது. அம்மாவின் கதிரை முதுகில் சின்னம்மா வைத்திருந்த கையின் நான்கு விரல்கள் மட்டும் படத்தில் எஞ்சின. வெட்டிய துண்டைச் சின்னம்மா தைத்துக்கொண்டிருந்த துணிக்குள் வைத்தார். உறையில் அம்மா முன்பே வைத்த மடித்த தாளோடு படமும் போனது. சின்னம்மாவே சோறு தடவி உறையை ஒட்டினார். ஒன்பதுக்கு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை பின்னேரம் நாலே காலுக்கு அவர் அதே உறையோடு திரும்பி வந்தார். அவர் கலியாணத் தரகர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“என்ன அண்ணை, சைக்கிளுக்கோ மாப்பிள்ளை தேடுறியள்?” என்றார் ஐயாவிடம்.

“என்ன சொல்லுறீர்?”

“மாப்பிள்ளையின்ரை தாய் கேக்கிறா, சைக்கிள் வடிவாயிருக்கு, கதிரையிலை நாலு விரலும் இருக்கு, மிச்சப் பொம்பிளை எங்கை எண்டு!”

ஐயா உறையை உதறிப் படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். “உவனட்டை ஏன் குடுத்தனீர்?”

நான் முன்னே போய் எட்டு, கால், கால், ஆறரை என்று கணக்கை விளங்கப்படுத்தினேன். கணக்கில் ஒருவரும் பிழை காணவில்லை. ஆனாலும் பூவரசந் தடியால் நாலு அடி விழுந்தது. சின்னம்மாவை வெட்டச் சொன்னது யார் என்று ஐயா கேட்டார். நானே யோசித்து முடிவெடுத்தேன் என்றேன். அப்படித்தான் நான் நம்பினேன். அடுப்படியில் சின்னம்மா எங்களுக்கு முதுகு காட்டி நின்றார், தோள்கள் குலுங்கின. என்னால் அழுகிறாரே என்று எனக்கு அடியைவிட அதுதான் வலித்தது.

ஐயா ஸ்ரூடியோவில் இன்னொரு பிரதி சொல்லிவிட்டார்; இப்போது சுவரில் தொங்குவது அதுதான். அதற்கு ஐந்து ரூபா இருபத்தைந்து சதம். என் உண்டியலை உடைத்துக் கட்டினார். பிரதி வர இருபத்தொரு நாள் ஆகும் என்றார்கள். மலாயாக்காரரின் லீவில் எஞ்சியிருந்தது பதின்மூன்று நாள். அதற்குள் அவர் வேறிடத்தில் கலியாணம் முடித்துக் கப்பலேறினார். தை மாதம் சின்னம்மா றங்குப் பெட்டியோடு கலாசாலைக்குப் போனார். நாலு விரலின் கதை ஊரில் ஓயும்வரை வேறு பேச்சுக்கால் வராது, அதுவரை படிக்கட்டும் என்று ஐயாவே கூட்டிப்போய் விட்டார்.

அதற்குப் பின் இரண்டு வருடமும் மூன்று மாதமும் கழித்து என் பெயருக்கு ஒரு காசுக்கட்டளை வந்தது. சின்னம்மாவின் முதற் சம்பளத்திலிருந்து ஐந்து ரூபா. கூடவே ஒரு சின்னத் தாளில், “வெட்டின கூலி. ஐயாவுக்குக் காட்டாதை” என்று எழுதியிருந்தார். பிழையாக வெட்டியதற்கு எதற்குக் கூலி என்று எனக்கு விளங்கவில்லை. அடி வாங்கினேன் என்று பாவம் பார்த்து அனுப்பியிருக்கிறார் என எண்ணிக்கொண்டு, தாளைக் கிழித்துவிட்டுக் கணக்கை மட்டும் எழுதிவைத்தேன். எனக்கு நட்டம் இருபத்தைந்து சதம்.