லென்ஸில் ஒரு பொட்டு

குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மென்பொருளைச் சோதித்துப் பிழை சொல்லும் வேலை. ஐந்து நாள் எலெக்ட்ரானிக் சிட்டியில் அதைச் செய்துவிட்டு, மீதி இரண்டு நாள் கேமராவும் கையுமாக என் மனைவியிடம் அதையே செய்துகொண்டிருந்தேன். எடுத்த படத்தை நின்ற இடத்திலேயே பெரிதாக்குவேன். இமைமுடி கூர்மையாக விழவில்லையா, உடனே அழித்துவிடுவேன். "தாடைய இறக்கு. கொஞ்சம் தள்ளி நில்லு. சிரி... இவ்வளவு வேணாம்." குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு காலை, அல்சூர் ஏரிக்கரையில் அவளை நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது படத்தையும் அழித்தபோது அவள் நகர்ந்துவிட்டாள்.

"நானென்ன உங்க ஆபீஸ் சாஃப்ட்வேரா? இனிமே என்னை எடுக்காதீங்க. ஏரி இருக்கு, வாத்து இருக்கு, அதை எடுத்துக்கோங்க."

குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. லென்ஸில் தூசி, துடைத்துவிட்டுக் கடைசியாக ஒன்றே ஒன்று என்று அசடு வழிந்தேன். அவள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, லென்ஸின் நட்டநடுவில் ஒட்டினாள்.

"தூசிதானே பிரச்சினை? இப்ப சும்னே எடுங்க, பாக்கலாம்."

சும்மா என்பதற்கு இந்த ஊர்க் கன்னடம் அது. அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்த சொல்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த லென்ஸை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஆனால் இப்போது முறைத்தால் இவள் இனி என் கேமரா முன்னால் நிற்கவே மாட்டாள் என்பதும் தெரிந்தது. எடுத்தேன். நடுவில் கலங்கலாக ஒரு நிழல். அவளை அங்கே வைக்க வழியில்லாமல் ஓரத்துக்குத் தள்ளினேன். பாதித் தலை போயிற்று. குனிந்து எடுத்தேன், கேமராவை ஆட்டிக்கொண்டே எடுத்தேன், அவளைச் சுற்றி நடந்துகொண்டே எடுத்தேன். நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் கூத்தைப் பார்த்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று எதையும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. ஒரு படத்தில் ஏரி சாய்ந்திருக்கிறது, அவள் முகத்தில் பாதிதான் இருக்கிறது, அதுவும் அசைந்துபோயிருக்கிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அடித்துச் சொல்வேன். எந்தப் போட்டியிலும் தேறாது. கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு நான் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். வருகிறாயா என்று கேட்க வாய் வரவில்லை. கதவு திறந்தது. அவள் நெற்றியில் ஒரு பொட்டு, விரல்நுனியில் இன்னொன்று.

"எங்க, லென்ஸக் காட்டுங்க."