பன்னிரண்டாம் தேதிப் பக்கம்

கடலில் ஒரு நாள்கூடக் கால் நனைக்காதவளுக்குக் "கேப்டனம்மா" என்று பெயர் வைத்தது அவள் தம்பிதான். படகில் ஏறினாலே அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். ஆனால் இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாய்மரக் கப்பல் ஒன்று எந்த நாளில் எந்தக் காற்றில் மாட்டிக்கொண்டது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. கடல் வரலாற்று நூலகத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, பழைய கப்பல்களின் நாட்குறிப்புகளைப் படித்துக் கணினியில் அடித்துக் கொடுப்பாள். அவை பிறகு புத்தகமாக வரும்.

தம்பி நேர் எதிர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவன் கட்சி. அவனிடம் ஒரு மோட்டார் படகு இருந்தது. மாதாமாதம் பன்னிரண்டாம் தேதி, எதிரே உள்ள தீவின் கலங்கரை விளக்கத்துக்குக் குடிதண்ணீர் பீப்பாய்களைக் கொண்டுபோய்க் கொடுப்பான். அப்பா அம்மா போனபின் அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். நாற்பது வயதாகி, வீட்டில் மனைவி இருந்தும், சட்டைப் பொத்தான் அறுந்தால் அக்காவிடம்தான் வந்து நிற்பான்.

அவள் வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் காலத்து மாலுமிகளுக்கு நாள் பிறப்பது நள்ளிரவில் இல்லை, நண்பகலில். உச்சிச் சூரியனை அளந்து பார்த்து, அந்த நிமிஷமே தேதியை மாற்றிவிடுவார்கள். நாட்குறிப்பில் ஐந்தாம் தேதி பிற்பகல் என்று இருந்தால், நமக்கு அது நாலாம் தேதி. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் சறுக்குவார்கள், அவளும் ஒரு குட்டு வைத்துத் திருத்துவாள். அவள் சறுக்கியதே இல்லை. கண் படிக்கும்போதே கை தேதியை மாற்றி அடித்துவிடும்.

அந்த மாதம் ஒன்றாம் தேதி அவள் மேஜைக்கு வந்த நாட்குறிப்புக்கு அட்டை இல்லை, கப்பலின் பெயரும் இல்லை. ஏதோ ஒரு விரிகுடாவில் நங்கூரமிட்டு, முறிந்த பாய்மரத்துக்கு மாற்று வரும் என்று காத்திருந்த கப்பல். அதுவும் ஒன்றாம் தேதியில்தான் தொடங்கியது. நாளுக்கு ஒரு பக்கம் என்று அடிக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் தேதி காலை: "மூடுபனி. கரை தெரியவில்லை." நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடமே தெரியவில்லை. சிரித்துக்கொண்டாள். ஆறாம் தேதி காலை: "செத்த பறவைகள் மூன்று மேல்தளத்தில் விழுந்தன." மதியம் மொட்டை மாடிக்குப் போன காவலாளி, ஒரு முறத்தில் மூன்று பறவைகளை ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாம் தேதி, தான் அடித்து வைத்த தாள்களைத் துறைமுகத்து வானிலை அறிக்கையோடு வைத்துப் பார்த்தாள். காற்றின் திசை மணிக்கு மணி ஒத்துப்போனது. 

பத்தாம் தேதி, செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். அடிக்க வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு, தம்பி கடலுக்குப் போகும் நாளைத் தேடிப் புரட்டினாள். 12 என்று தலைப்பிட்ட பக்கத்தில் இப்படி இருந்தது: "பிற்பகல் ஐந்து மணி. மேகமே இல்லாத வானத்திலிருந்து தென்மேற்குக் காற்று. தண்ணீருக்குப் போன சின்னப் படகும், அதில் இருந்த ஓர் ஆளும் திரும்பவில்லை."

நேராகத் தம்பியிடம் போனாள். அவன் படகுத்துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான்.

"பன்னண்டாம் தேதி நீ கடலுக்குப் போகக் கூடாது."

"ஏன், உன் கப்பல்காரன் ஏதாவது சொன்னானா?"

"சிரிக்காதடா. எனக்காகப் போகாத."

"தீவுல ரெண்டு பேர் தண்ணிக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? எங்கக்கா பழைய நோட்டுல படிச்சாங்கன்னா?"

அவள் அழுதுவிட்டாள். அக்கா அழுதால் அவன் தாங்க மாட்டான்.

"சரி சரி, கண்ணத் தொடச்சுக்க. ஒரு நாள் முன்னாடியே, நாளைக்கு மத்தியானமே போயிட்டு வந்துடறேன். பன்னண்டாம் தேதி பூரா உன் வீட்டுல உக்காந்து மூணு வேளையும் தின்னு உன் உசுர வாங்கறேன். போதுமா கேப்டனம்மா?"

"போதும்டா. உன் பொண்டாட்டிகிட்ட இதையெல்லாம் சொல்லாத, என்னப் பைத்தியம்னு நெனப்பா."

"இனிமேதான் நெனைக்கணுமா?" என்று சிரித்தான்.

பதினொன்றாம் தேதி நல்ல வெயில். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது அவளுக்கு. பதினொன்றாம் பக்கத்தை அடித்து முடித்து, பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரி, பிற்பகல் ஒரு மணி. அடித்தாள். இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி. ஐந்து மணி வரியைப் பாதி அடித்தபோது திரையை நிமிர்ந்து பார்த்தாள். தேதிக் கட்டத்தில் 11, 11, 11 என்று வரிசையாக நின்றது.

கை, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில், தேதியைத் திருத்தியிருந்தது.

முந்தின நாள் அவள் அடிக்கவில்லை. கண்ணால் மட்டும் படித்தாள். பயத்தில் படித்தாள். மாலுமியின் பன்னிரண்டைத் தன் பன்னிரண்டு என்று எடுத்துக்கொண்டாள்.

மணி நாலே கால். தம்பியின் போனில் தொடர்பு கிடைக்கவில்லை. மூன்று மாடியும் இறங்கி, செருப்பில்லாமல் படகுத்துறைக்கு ஓடினாள். கடல், தட்டில் வைத்த தண்ணீர் போலக் கிடந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. அடிவானத்தில் சின்னப் புள்ளியாக ஒரு படகு வந்துகொண்டிருந்தது, அவனுடையதேதான். திரும்பிப் போடா என்று கத்தினாள், சீக்கிரம் வாடா என்றும் கத்தினாள். எது சரி என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு முகத்தில் தென்மேற்கிலிருந்து காற்று அடித்தது. துறைமுகக் கடிகாரம் ஐந்து அடித்தது.

மறுநாள் பன்னிரண்டு. தேடப் போனவர்களுக்கு ஒரு சிற்றலைகூட இல்லாத கடல். காலிப் பீப்பாய்கள் மூன்று கிடைத்தன.

அவள் அந்த நாட்குறிப்பைக் கடைசிவரை அடித்து முடித்தாள். அடித்த ஒவ்வொரு நாளும் ஜன்னலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வானிலை பொருந்தவில்லை. வந்த வேலை முடிந்துவிட்டது போலும்.

புத்தகம் வெளியானது. தேதிகளில் ஒரு பிழைகூட இல்லை என்று துறைப் பெரியவர்கள் பாராட்டினார்கள். மேலதிகாரி இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

தம்பி மனைவி இப்போது அவளோடுதான் இருக்கிறாள். நல்ல பெண். அண்ணியை விட்டால் தனக்கு யாருமில்லை என்று நினைக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று கேட்பாள்.

"ஏன் அண்ணி, எப்பவும் பன்னண்டாம் தேதிதானே போவாரு? அந்தப் பன்னண்டாம் தேதி கடல் எவ்வளவு அமைதியா இருந்துச்சு. யாரு பேச்சக் கேட்டு ஒரு நாள் முன்னாடி போனாரு?"

"தெரியலயேம்மா," என்று சொல்லி, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பாள்.