ஸ்டெல்லா மதினி அன்று கடலில் இறங்கவில்லை

இந்தத் தாளைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். மதினியோடு கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமாருக்கு மட்டும் எழுதுகிறேன். அண்ணன் பார்த்தால் என்னையும் விடமாட்டான்.

கணக்கு வகுப்பில் இருந்தபோது செய்தி வந்தது. "ஒங்க மதினிய பாசி எடுக்கப் போன எடத்துல அலை இழுத்துருச்சு தாயி" என்றார் வந்தவர்.

ஸ்டெல்லா மதினி நாவல் பைத்தியம். கடைசியாக எனக்குத் தந்த நாவலில் அத்தியாயத்துக்கு ஒருவர் கதை சொல்வார். ஒருவரைப் பிடித்துப்போகும் நேரத்தில் அடுத்தவர் வந்துவிடுவார். எரிச்சலில் பாதியில் மூடிவிட்டேன்.

"யாரு சொல்றது நெசம்னே தெரியல மதினி. ஒரே ஆளு சொல்லித் தொலைச்சா என்ன?"

மீன் ஆய்ந்துகொண்டே சிரித்தார். "ஏ புள்ள, ஒங்கண்ணன் என்னய அடிச்சத அவரயே சொல்லச் சொல்லு. 'கை லேசாப் பட்டுச்சு'ம்பாரு. ஒங்கம்மா 'வழுக்கி விழுந்துட்டா'ம்பாக. நாலு பேரு சொன்னாத்தான் நெசம் விடியும்."

துக்க வீட்டிலும் அதுதான் நடந்தது. "பாசிக்குப் போறேன்னு கெளம்புனா" என்று அண்ணன் மாரில் அடித்துக்கொண்டான். "அவளுக்குக் கிறுகிறுப்பு வரும்" என்றாள் அம்மா.

ஜெபமாலை சுற்ற மதினியின் கையைப் பிடித்தேன். விரல்கள் வெறுமையாக இருந்தன. பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணி சுற்றாமல் உங்களில் யாராவது இறங்குவீர்களா? மதினியின் விரல் துணிகள் எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. இத்தனை வருஷம் கடலுக்குப் போகிற அண்ணன், பெண்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கேதான் மாட்டினான்.

அன்று காலை மதினியின் முடியைப் பிடித்து அவன் கொல்லைக்கு இழுத்துப்போனதை நான் பார்த்தேன்.

அந்த நாவல் இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எதற்கு அத்தனை பேர் என்று புரிந்துவிட்டது. நாளை போலீஸ் விசாரிக்க வருகிறது. நான் மட்டும் சொன்னால் சின்னப்பிள்ளை உளறுகிறது என்பார்கள். அன்று மதினி உங்களோடு வரவில்லை என்று நீங்கள் சொல்லுங்கள். முதுகில் தழும்பைப் பார்த்தவர் தழும்பைச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாய் அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவன் நிஜமாக அழுவதை நான் பார்க்க வேண்டும்.

மதினியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விரல் துணிகள்தான். அம்மா எரிப்பதற்குள் எடுத்து ஒளித்துவிட்டேன். நாளை இன்ஸ்பெக்டர் முன்னால், அவன் பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றாக

கதவைத் தட்டுகிறான்