எலியேசரின் மைக் செட்

மைக் செட்டை வண்டியிலிருந்து இறக்கும் முன்பே எலியேசர் அடுப்படிக்குப் போய்விடுவார்.

"அண்ணாச்சி, சோறு எப்பம் வடிப்பிய?"

"ஏம்வே, மைக் கட்ட வந்தீரா, பந்தியில உக்கார வந்தீரா?" என்பார் சமையல்காரர் கொம்பையா.

"ரெண்டுக்குந்தான்!" என்று கரண்டியை வாங்கிச் சாம்பாரை ருசி வேறு பார்ப்பார். பாளையங்கோட்டைப் பக்கம் அவருக்குச் 'சாப்பாட்டு எலியேசர்' என்றே பெயர்.

எலியேசர் என் மருமகன். மருமகனை மாமியாரே புகழலாமா என்று என் மகள் முறைக்கிறாள். முறைக்கட்டும். நான் சொல்லத்தான் செய்வேன்.

என் பேத்தி டார்லினுக்கு ஏழு வயதிலேயே சர்க்கரை வியாதி. மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை; காலம் முழுக்க ஊசிதான். முதல் நாள் நர்சம்மா ஊசியை எடுத்ததும் பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். எலியேசரும் தரையில் படுத்து, மருந்தில்லாத ஊசியைத் தன் வயிற்றில் குத்திக் காட்டினார்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு, ஏட்டி."

"பொய் சொல்லுதிய. உங்க கண்ணு கலங்குது."

"இது கட்டெறும்பு, ஏட்டி."

பிள்ளை சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

ஊசி போட்டால் அரை மணி நேரத்தில் சோறு உள்ளே போக வேண்டும். பிந்தினால் கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும். எலியேசர் சட்டைப்பையில் எப்போதும் தேன்மிட்டாய் இருக்கும். அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். விஷயத்தை வெளியே சொல்லவும் டார்லின் விடமாட்டாள். தெரிந்தால் ஆளாளுக்குப் பாகற்காய்ச் சாற்றோடு வந்து "ஐயோ பாவம்" என்பார்களே!

"யார்ட்டயும் சொல்லிராதிய, அப்பா."

அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து பசியெல்லாம் அவருடையதாகிவிட்டது.

டார்லினைக் கூட்டிப்போன கல்யாண வீட்டில், அவள் ஊசி போட்ட பிறகும் வாழ்த்துரை நீண்டால் மைக் 'கொய்ங்' என்று கத்திவிட்டுச் செத்துப்போகும். எலியேசர் ஒயரை ஆட்டுவார், ஊதுவார், உதட்டைப் பிதுக்குவார். "லைன் போச்சு வே. எல்லாரும் சாப்பிட்டுட்டு வாங்க, அதுக்குள்ள பாத்துருதேன்." பந்தி தொடங்கிவிடும். அந்த ஆள் செட்டை நம்பக் கூடாது என்று பேச்சாகி, எத்தனையோ கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. "நல்ல ஒயரா வாங்கிப் போடக் கூடாதா வே?" என்று கேட்டால், "வாங்கணும் வே" என்று சிரிப்பார்.

டார்லின் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போன மாதம் எங்கள் கோயிலில் அசனம், ஊருக்கே சோறு போடுகிற பண்டிகை. ஜெபம் பண்ணாமல் அண்டாவைத் திறக்க மாட்டார்கள். இதோ ஜெபம் என்று அறிவித்ததை நம்பி டார்லின் ஊசி போட்டுவிட்டாள். வெளியூர்ப் போதகர், அதற்கு முன் இரண்டு வார்த்தை என்று ஆரம்பித்தவர், நோவாவின் பேழையில் ஏறி இறங்கவே இல்லை. தேன்மிட்டாய் தீர்ந்தது. பேத்தியின் மேலுதட்டில் வேர்வை பூத்தது. எலியேசரின் கை ஒயருக்குப் போனது.

டார்லின் அந்தக் கையைப் பிடித்தாள். "வேண்டாம்ப்பா. ஒங்க செட்டு நல்ல செட்டு. நானே சொல்லுதேன்."

நேரே மேடை ஏறி மைக் முன்னால் நின்றுவிட்டாள். போதகர் திகைத்து நிறுத்தினார்.

"ஐயா, மன்னிச்சிக்கிடுங்க. எனக்குச் சர்க்கரை இருக்கு. ஊசி போட்டுட்டேன். இப்பமே சாப்பிடணும்."

மைக்கிலும் அந்த மெல்லிய குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. "என்னளா சொல்லுதா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

எலியேசர், இன்னொரு தடவை சொல்லு என்று மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சத்தம் கூட்டுகிற திருகைப் பிடித்துக் கடைசிவரை திருப்பினார்.