மாட்டைத் தேடிப் போனவன்

மழைக்காலத்தில் மரக்காணத்து உப்பளங்களில் வேலை இருக்காது. அப்போதுதான் எங்கள் செட்டு வேன் பிடித்து டூர் போகும். இந்த முறை அரக்கு மலைக் குகை. மேஸ்திரியும் வந்திருந்தார்.

குகைக்குள் கலர் லைட் போட்டிருந்தார்கள். என் எதிர்வீட்டு ஸ்டெல்லா என் தோளை விடவே இல்லை. கீழே வழுக்குகிறதாம். எதைக் காட்டினாலும், “சூப்பரா இருக்குதுக்கா” என்றாள்.

மேலே இருந்த ஓட்டை வழியாக ஒரு மாடு உள்ளே விழுந்ததாம். அதைத் தேடி இறங்கின மாட்டுக்காரன்தான் குகையைக் கண்டுபிடித்தானாம். கதையைச் சொன்ன கைடு, “அவன் பார்த்த இருட்டை நீங்களும் பாருங்க” என்று லைட்டையெல்லாம் அணைக்கச் சொன்னான். எல்லோரும் வீல் என்று கத்தினோம்.

ஸ்டெல்லா மட்டும் நிதானமாகக் கேட்டாள்: “ஏன்க்கா கத்துறாங்க?”

“லைட்ட நிறுத்திட்டாங்கடி! உனக்குக் கண்ணு தெரியலையா?”

நான் கத்தியதைக் குகை திருப்பிச் சொன்னது. லைட் வந்தபோது மேஸ்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போகும்போதும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். பாசம் என்று நினைத்திருந்தேன்.

தை பிறந்து வேலை தொடங்கியதும் மேஸ்திரி அவளை வர வேண்டாம் என்றுவிட்டார்.

“வெயில் வந்துட்டா நல்லா தெரியுதுங்க” என்று கெஞ்சினாள்.

“இருட்டுல வரப்புல விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?”

அவள் இடத்துக்கு என் மருமகளைக் கேட்டார். அனுப்பிவைத்தேன்.

ஒரு மாட்டுக்காக அந்த இருட்டுக்குள் இறங்கியிருக்கிறான் ஒருவன். ஸ்டெல்லாவைப் பார்க்க நான் தெருவைத் தாண்டினால் போதும். இன்னும் தாண்டவில்லை.